கயிற்றின் இந்த முனை

(மதுரையில் ஒரு செவிலியர் கல்லூரியில், உலகச் செவிலியர் நாளான மே 12 அன்று, ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அறிமுகப்படுத்தியவர் ‘நாயை வைத்து வைத்தியம் பார்ப்பவர்’ என்று சொன்னதும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது. உங்கள் வயதில் நானும் சிரித்திருப்பேன். நான் வைத்தியம் பார்ப்பதில்லை. நாயும் பார்ப்பதில்லை. கயிற்றின் ஒரு முனையில் நாய், இன்னொரு முனையில் நான். இருவருமாக ஆஸ்பத்திரிக்கும் முதியோர் இல்லத்துக்கும் போய் ஆட்களைப் பார்த்துவிட்டு வருகிறோம். சம்பளம் கிடையாது. அவ்வளவுதான் சங்கதி. இதில் பேச என்ன இருக்கிறது என்றால், நாயைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கயிற்றின் இந்த முனையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் என் கதை. எட்டு வயதில் எங்கள் தெரு நாய் ஒன்று என் கெண்டைக்காலைக் கவ்வியது. அந்தக் காலத்து நாய்க்கடி ஊசியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து. தொப்புளைச் சுற்றி நாளுக்கு ஒன்றாக 14 ஊசி. நம் பக்கம் அந்த மருந்தென்றால் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். 1907இல் தொடங்கிய நிலையம் அது. 2005 வாக்கில்தான் இந்தியாவில் அந்தப் பழைய மருந்து ஒழிந்தது. ஊசி போட்ட சிஸ்டரின் கனிவைப் பார்த்துத்தான் நான் நர்ஸ் ஆனேன் என்று சொன்னால் மேடைக்கு அழகாக இருக்கும். உண்மை அதில்லை. அந்த சிஸ்டரைக் கண்டாலே ஓடுவேன். நாயைக் கண்டாலும் ஓடுவேன்.

பிறகு ஓர் அரசு மருத்துவமனையில் 32 வருஷம். நைட் டூட்டியில் என் மேசைக்கடியில் ஒரு மூங்கில் கம்பு இருக்கும். வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அட்டெண்டரின் சோற்றுப் பொட்டலத்தை முகர்ந்துகொண்டு வரும் நாயை விரட்டுவது, எந்த உத்தரவிலும் எழுதப்படாத என் வேலைகளில் ஒன்று. நாயே இல்லாத ஆஸ்பத்திரிதான் நல்ல ஆஸ்பத்திரி என்ற கொள்கையோடு ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கொள்கை தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டுக்குப் போனேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம். தலைநகரமான வாஷிங்டன் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. இது மேற்கு ஓரம், மழை ஊர். அங்கே மகள் காப்பகத்திலிருந்து எடுத்து வளர்த்த நாய் ஒன்று இருந்தது. பாதி லாப்ரடார், மீதி என்னவென்று பெற்ற தாய்க்குத்தான் வெளிச்சம். எடை 28 கிலோ. பேரன் வைத்த பெயர் லட்டு. நான் ‘அது’ என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். தமிழில் நாய் அஃறிணையடா என்றேன். “பாட்டி, அதை லட்டுகிட்ட சொல்லுங்க” என்றான். ஆகவே இனி அவள்.

எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டால் பகல் முழுக்க வீட்டில் நாங்கள் இருவர்தான். ஆறு மாதம் ஆளுக்கொரு மூலை. ஏழாவது மாதம் எனக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்துவிட்டேன். கட்டிலடியிலேயே கிடந்தாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் எழுவாள், படுத்தால் படுப்பாள். எத்தனையோ பேருக்கு நைட் டூட்டி பார்த்திருக்கிறேன். எனக்கு யாராவது நைட் டூட்டி பார்த்தது அதுதான் முதல் தடவை. காய்ச்சல் விட்டதும் மகளிடம் கேட்டேன்: “இவள் கழுத்தை எங்கே தொட்டால் பிடிக்கும்?”

அதற்கு ஒரு வருஷம் கழித்துத்தான் இந்த வேலை. அந்த ஊரில் இதைத் தெரபி நாய்க் குழு என்கிறார்கள். குழு என்றால் பத்துப் பேர் அல்ல. ஒரு நாய், ஒரு மனிதர்.

நர்சுக்கும் பிராணிக்கும் உள்ள உறவு பழையது. இன்று யாருடைய பிறந்தநாள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் எழுதிய ‘நர்சிங் குறிப்புகள்’ 1859 கடைசியில் வெளிவந்தது. காற்றோட்டம், வெளிச்சம், சுத்தம் என்று நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் பகுதிகளுக்கு நடுவே, யாரும் அடிக்கோடு போடாத ஓர் இடம் அதில் உண்டு. நாட்பட்ட நோயாளிக்கு ஒரு சிறிய வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்கிறார். கூண்டுப் பறவை ஒன்றே வருஷக்கணக்காக ஒரே அறையில் கிடப்பவரின் ஒரே சந்தோஷமாக இருப்பதுண்டு என்றும் சொல்கிறார். அவரே ஓர் ஆந்தை வளர்த்தவர். 1850இல் ஏதென்ஸ் நகரத்து பார்த்தினான் கோயிலருகே, சிறுவர்கள் கையில் சிக்கியிருந்த ஆந்தைக் குஞ்சை வாங்கி, அத்தீனா என்று பெயர் வைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். நமக்கு விளக்கேந்திய படத்தை மட்டும் காலண்டரில் போடுகிறார்கள். ஆந்தையோடு ஒரு படம் போட்டால் நன்றாக இருக்கும்.

அடுத்த கதை இரண்டாம் உலகப் போரில் நடந்தது. 1944இல் நியூ கினியாக் காட்டில், பதுங்குகுழி ஒன்றிலிருந்து இரண்டு கிலோகூட இல்லாத யார்க்‌ஷயர் டெரியர் நாய் அமெரிக்க வீரர்கள் கையில் கிடைத்தது. பெயர் ஸ்மோக்கி. அதை வளர்த்த பில் வின் என்ற வீரருக்கு என்ன வந்தது தெரியுமா? டெங்கு. நம் ஊர் டெங்குதான். ஆஸ்பத்திரியில் கிடந்த அவரைப் பார்க்க நண்பர்கள் நாயைத் தூக்கி வந்தார்கள். அங்கிருந்த நர்சுகள், மற்ற காயம்பட்டவர்களிடமும் கொண்டுபோகலாமா என்று கேட்டு, வார்டு வார்டாக எடுத்துப் போனார்கள். மருத்துவமனைப் பொறுப்பில் இருந்த டாக்டர் சார்லஸ் மேயோ அதற்கு அனுமதி கொடுத்தார். தெரபி நாய் என்று பதிவானவற்றில் முதல் நாய் ஸ்மோக்கிதான் என்று பலரும் சொல்கிறார்கள். நாயை ரவுண்ட்சுக்கு அனுப்பலாம் என்று யோசித்தது யார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

1976இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், தெரபி நாய்களைப் பதிவு செய்யும் முதல் அமைப்பைத் தொடங்கிய எலேன் ஸ்மித்தும் நர்ஸ்தான். இங்கிலாந்தில் வேலை பார்த்தபோது, பாதிரியார் ஒருவர் தன் கோல்டன் ரெட்ரீவர் நாயோடு வார்டுக்கு வந்தால் நோயாளிகள் முகம் மாறுவதைக் கவனித்து, ஊர் திரும்பிச் செய்த காரியம் அது.

டாக்டர்கள் பக்கத்துக் கதை கொஞ்சம் வேடிக்கை. போரிஸ் லெவின்சன் நியூயார்க்கில் குழந்தைகளுக்கான உளவியல் நிபுணர். யாரிடமும் பேசாத ஒரு பையனைப் பெற்றோர் குறித்த நேரத்துக்கு முன்னாலேயே அழைத்து வந்துவிட்டார்கள். லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் அறையில் இருந்தது. பையன் நாயோடு ஒட்டிக்கொண்டான்; நாய் வழியாக டாக்டரோடும் பேச ஆரம்பித்தான். இதை அவர் 1960களின் தொடக்கத்தில் சக நிபுணர்கள் கூடிய சபையில் சொன்னபோது, ‘உங்கள் ஃபீசில் நாய்க்கு எத்தனை சதவீதம்?’ என்று கேலி செய்தார்கள். பின்வரிசைச் சிரிப்பு எல்லா ஊரிலும் உண்டு, பிள்ளைகளே.

நான் பதிவு செய்துகொண்டது பெட் பார்ட்னர்ஸ் என்ற அமைப்பில். 1977இல் தொடங்கி, டெல்டா சொசைட்டி என்ற பெயரில் இயங்கி, 2012இல் இந்தப் பெயருக்கு மாறியது. நாய் மட்டுமல்ல, பூனை, முயல், குதிரை, பறவை, லாமா, எலிகூட அதில் சேரலாம். எலி வருகிறது என்றால் நம் வார்டில் யாரும் அசரமாட்டார்கள், ஏற்கெனவே இருக்கிறது.

சேர்வது சுலபமில்லை. நாய்க்கு ஒரு வயது முடிந்திருக்க வேண்டும். என்னோடு குறைந்தது ஆறு மாதம் வாழ்ந்திருக்க வேண்டும். ரேபீஸ் தடுப்பூசி போட்டதற்குக் கால்நடை மருத்துவர் கையெழுத்து வேண்டும். பச்சை இறைச்சி சாப்பிடும் நாய்க்கு இடமில்லை, அதன் வழியாகக் கிருமி வார்டுக்குள் வரும். மனிதருக்குத் தனியாக ஒரு பாடத்திட்டம். அதன்பிறகு இருவருக்கும் சேர்த்து நேரடித் தேர்வு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதே தேர்வு மறுபடியும். என் மகள் லட்டுவைக் கூட்டிப்போக வேண்டுமென்றால் என் சான்றிதழ் செல்லாது. நாய்க்குச் சான்றிதழ் தருவதில்லை, ஜோடிக்குத்தான் தருகிறார்கள்.

தேர்வில் என்ன செய்வார்கள்? ஒருவர் தள்ளாடிக்கொண்டே கையை வீசி வருவார். ஒருவர் முரட்டுத்தனமாகத் தடவுவார். கழுத்தைக் கட்டிப் பிடித்து விடாமல் வைத்திருப்பார். இரண்டு பேர் சத்தம் போட்டுச் சண்டை போடுவார்கள். பின்னாலிருந்து ஒருவர் வந்து இடிப்பார். நாலு பேர் ஒரே நேரத்தில் சூழ்ந்து தடவுவார்கள். தரையில் ஆசையான பொருள் கிடக்கும். ‘விடு’ என்றால் விட வேண்டும். வார்டில் ஒரு சாயங்காலம் விசிட்டர் நேரத்தில் நடப்பதெல்லாம் அரை மணி நேரத்தில் நடக்கும்.

லட்டு எல்லாவற்றையும் தாண்டினாள். தோற்றது நான். கட்டிப் பிடிக்கும் சோதனையில் அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றேன். மேலதிகாரி முன்னால் கைகட்டி நின்று பழகிய உடம்பு. தேர்வாளர் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: “உங்கள் நாய் உங்களிடம் உதவி கேட்டது. நீங்கள் எனக்கு மரியாதை காட்டிக்கொண்டிருந்தீர்கள்.” ‘போதும், கொஞ்சம் விடுங்கள்’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாய் தாங்குகிறதா என்பது பாதித் தேர்வு. நாய்க்காக நான் வாய் திறக்கிறேனா என்பது மீதிப் பாதி. மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதி, அதாவது மறுபடி நடந்து, பாஸானேன்.

இப்போது வேலையைச் சொல்கிறேன். போகும் நாளுக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் அவளைக் குளிப்பாட்ட வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும், முதியவர் தோல் வெங்காயச் சருகு மாதிரி, பட்டாலே கிழியும். கயிறு ஆறு அடிக்கு மேல் கூடாது. அதை எந்த நேரமும் என் கை விடக்கூடாது, ஒரு நிமிஷம் பிடியுங்கள் என்று டாக்டரிடம்கூடக் கொடுக்கக் கூடாது. தொடுவதற்கு முன்னும் தொட்ட பின்னும் நோயாளி கைக்குச் சானிட்டைசர். ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை.

அறை வாசலில் நின்று கதவைத் தட்டிக் கேட்க வேண்டும்: “நாய் வந்திருக்கிறது. உள்ளே வரலாமா?” முதல் நாள், நான்காவது அறையில் ஓர் அம்மா “வேண்டாம்” என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. எத்தனை ஏற்பாடு, எத்தனை குளிப்பாட்டல்! வெளியே வந்து நடக்கும்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் நாம் எதைக் கேட்டுச் செய்கிறோம்? அதிகாலை ஐந்து மணிக்கு ரத்தம் எடுக்கிறோம். ட்ரிப்ஸ் ஏற்றுகிறோம். திருப்பிப் படுக்க வைக்கிறோம். எல்லாம் அவர் நன்மைக்குத்தான். ஆனால் ‘வேண்டாம்’ என்றால் நாம் விடுவதில்லை. அந்த அம்மா அன்று முழுக்க வேண்டாம் என்று சொல்ல முடிந்த ஒரே விஷயம் நான்தான். அடுத்த வாரமும் வேண்டாம் என்றார். அதற்கடுத்த வாரம் நாங்கள் தட்டாமல் தாண்டிப் போனபோது, “என்னிடம் ஏன் கேட்கவில்லை?” என்று உள்ளிருந்து குரல் வந்தது. அன்றும் நாயை உள்ளே விடவில்லை. கேட்டால் போதும் அவருக்கு.

எல்லா அறையும் அப்படி அல்ல. பக்கவாதத்தில் வலது கை தளர்ந்த ஒரு தச்சர் இருந்தார். பிசியோதெரபிஸ்ட் தந்த ரப்பர் பந்தை அமுக்க மாட்டார், பிள்ளை விளையாட்டு என்பார். பிசியோதெரபிஸ்ட் யோசித்து, லட்டுவுக்கு முடி சீவும் பிரஷை அந்தக் கையில் கொடுத்தார். அவர் மரத்துக்கு இழைப்புளி போடுவது மாதிரி, முடி போகும் திசை பார்த்து, கழுத்திலிருந்து வால்வரை நீளமாக இழுத்தார். எத்தனை தடவை, தோள் எவ்வளவு உயர்ந்தது என்றெல்லாம் பிசியோதெரபிஸ்ட் குறித்துக்கொண்டார். இப்படி ஒரு குறிக்கோள் வைத்து, நிபுணர் மேற்பார்வையில், கேஸ் ஷீட்டில் எழுதிச் செய்வதற்குப் பெயர் சிகிச்சை. நான் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குப் பெயர் சந்திப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. செய்தித்தாள்களில் எப்போதும் குழப்புகிறார்கள். அதேபோல, பார்வை இல்லாதவரை வழிநடத்தும் சேவை நாய்க்கு அமெரிக்கச் சட்டத்தில் ஹோட்டல், கடை என்று எங்கும் நுழையும் உரிமை உண்டு. தெரபி நாய்க்கு அது கிடையாது. கூப்பிட்ட இடத்துக்கு, கூப்பிட்ட நேரத்துக்குத்தான் போகலாம்.

மறதி நோய் வார்டில் ஒரு பாட்டி லட்டுவை ‘பெஸ்’ என்று கூப்பிடுவார். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோது வீட்டிலிருந்த நாயாம். திருத்தக் கூடாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். லட்டுவும் திருத்தவில்லை, எந்தப் பெயருக்கும் வாலாட்டுவாள். ஆனால் இன்னொருவர், நாயைப் பார்த்ததும், தான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பக்கத்து வீட்டில் விட்டு வந்த நாய் செத்துப்போனதைச் சொல்லி விக்கி விக்கி அழுதார். நாய் போனால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். அழுவதற்கும் யாராவது வர வேண்டியிருக்கிறது.

இப்போது நான் செய்த தப்பு. உடல் சூடு, நாடி, மூச்சு குறிக்கும் டி.பி.ஆர். சார்ட் நாய்க்கும் உண்டு. அதன் உடல் சூடு நம்மைவிட அதிகம், 38.3 முதல் 39.2 டிகிரி வரை சாதாரணம். ஆனால் நான் சொல்வது தெர்மாமீட்டர் வைக்காமல் பார்க்கும் சார்ட். தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும். சாப்பாடு இல்லாமலே நாக்கால் மூக்கை நக்கும். முகத்தைத் திருப்பும். கண்ணின் வெள்ளை தெரியும். நனையாமலே உடம்பை உதறும். இவையெல்லாம் ‘எனக்குப் போதும்’ என்பதன் வடிவங்கள். வாலாட்டுவதை மட்டும் பார்த்து நாய் சந்தோஷமாக இருக்கிறது என்று முடிவு கட்டுபவர், நோயாளி சிரிப்பதைப் பார்த்து வலி இல்லை என்று எழுதும் நர்ஸ் மாதிரி.

இதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். ஒரு கிறிஸ்துமஸ் வாரம், முதியோர் இல்லம் ஒன்றில் இரண்டு மணி நேரம் முடிந்து கிளம்பும்போது, அங்கிருந்த மேற்பார்வையாளர் “இன்னும் ஒரே ஒரு அறை” என்றார். லட்டு இரண்டு கொட்டாவி விட்டிருந்தாள். பார்த்தேன். பார்த்தும், “சரி” என்றேன். ஒரு அறை மூன்று அறை ஆனது. லிஃப்ட் வாசலுக்கு வந்ததும் அவள் அப்படியே தரையில் படுத்துவிட்டாள். 28 கிலோ. இழுத்தால் வரவில்லை, கூப்பிட்டால் பார்க்கவில்லை. இருபது நிமிஷம் நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு ஞாபகம் வந்தது என் பழைய வார்டு. ‘சிஸ்டர், ரிலீவர் வரலை, இன்னொரு ஷிஃப்ட் பார்த்துடுங்க’ என்று எத்தனை ராத்திரி! ஒரு தடவையாவது முடியாது என்று சொன்னேனா? சொல்லத் தெரியாததைச் சேவை மனப்பான்மை என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். அந்தப் பழக்கத்தைக் கயிறு வழியாக ஒரு வாயில்லாப் பிராணிக்கும் கடத்தியிருக்கிறேன்.

தன்னார்வலர் என்று என்னைச் சொல்லலாம். லட்டுவைச் சொல்ல முடியாது. அவள் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்பதை ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு அறையிலும் நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கயிறு. அவளை இழுப்பதற்கு அல்ல.

சரி, இதனால் பலன் உண்டா? நீங்கள் ஆய்வு படிக்கும் தலைமுறை, நேராகச் சொல்கிறேன். அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆய்வு 1980இல் எரிகா ஃப்ரீட்மனும் சகாக்களும் வெளியிட்டது. இதய நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்து வீடு திரும்பிய 92 பேர். வளர்ப்புப் பிராணி வைத்திருந்த 53 பேரில் ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 3 பேர். வைத்திராத 39 பேரில் 11 பேர். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் அது வீட்டில் பிராணி வளர்ப்பதைப் பற்றியது. வாரம் பத்து நிமிஷம் வந்து போகும் லட்டுவைப் பற்றியது அல்ல. ஆட்களும் குறைவு. 2003இல் தென்னாப்பிரிக்காவில் ஒடெண்டால், மெய்ன்ட்ஜஸ் இருவரும் செய்த ஆய்வில், நாயைத் தடவும்போது மனிதருக்கும் நாய்க்கும் ரத்தத்தில் பாசத்தோடு தொடர்புள்ள ஆக்சிடோசின் ஹார்மோன் கூடியது. ‘நாய்க்கும்’ என்பதுதான் எனக்குப் பிடித்த வார்த்தை. மற்றபடி இந்தத் துறையில் கறாரான சோதனை நடத்துவது கஷ்டம். சர்க்கரை மாத்திரையை மருந்து என்று கொடுக்கலாம், பொம்மையை நாய் என்று கொடுக்க முடியாது. அந்த நேரத்துப் பதற்றம், தனிமை, வலியின் உறுத்தல் கொஞ்சம் குறைகிறது என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நேர்மை. நாய் நோயைக் குணப்படுத்தும் என்று யாராவது காசு கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

கிருமி விஷயத்துக்கு வருகிறேன். மூங்கில் கம்பை நான் ஏன் தப்பு என்று சொல்லவில்லை என்பதற்கும் இதுதான் பதில். கனடாவின் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மருத்துவமனைக்குப் போய்வரும் நாய்கள், போகாத நாய்களைவிட அதிகமாக எம்.ஆர்.எஸ்.ஏ., சி.டிஃபிசில் என்ற ஆஸ்பத்திரிக் கிருமிகளைப் பெற்றுக்கொண்டன என்று கண்டார்கள். குறிப்பாக நோயாளியை நக்க விட்ட நாய்கள், நோயாளி கையிலிருந்து தின்பண்டம் வாங்கிய நாய்கள். நாய் நமக்குக் கொண்டுவருவதை மட்டுமே நினைத்துப் பயப்படுகிறோம். நாம் நாய்க்குக் கொடுத்தனுப்புவது அடுத்த வார்டுக்குப் போகிறது. அதனால்தான் நக்க விடக் கூடாது, தின்பண்டம் கூடாது, தனிமைப்படுத்திய நோயாளி அறைக்குள் போகவே கூடாது. 2015இல் அமெரிக்க மருத்துவமனைத் தொற்றுத் தடுப்பு நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் வலியுறுத்துகிறது.

நம் ஊரில் இது வருமா என்று உங்கள் ஆசிரியர் ஒருவர் காலையில் கேட்டார். வந்திருக்கிறது. ஜில் ராபின்சன் 1991இல் ஹாங்காங்கில் தன் கோல்டன் ரெட்ரீவர் நாயோடு தொடங்கிய ‘டாக்டர் டாக்’ திட்டத்தை, சென்னையில் புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பு நடத்தியிருக்கிறது. சிறப்புக் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளுக்கு நாய்களை அழைத்துப் போனார்கள். உளவியல் நிபுணர் மினல் கவிஷ்வர் தொடங்கிய அனிமல் ஏஞ்சல்ஸ் என்ற அமைப்பு மும்பையிலும் புனேயிலும் நீண்ட காலமாக இயங்குகிறது. மும்பை விமான நிலையத்தில்கூடப் பயணிகளின் பதற்றம் தணிக்க நாய்களை நிறுத்தினார்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், அறுபது கட்டிலும் தரையில் முப்பது பாயும் உள்ள நம் பொது வார்டுக்குள் நாய் வேண்டாம். கதவைத் தட்டிக் கேட்க அங்கே கதவே இல்லை. ஒருவர் வேண்டாம் என்றாலும் நாய் அவர் கண்முன்னேதான் நிற்கும். உலகத்தின் ரேபீஸ் மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நடக்கின்றன. நம் வார்டில் படுத்திருப்பவருக்கு நாயைக் கண்டால் பயம் என்றால் அது மனநோய் அல்ல, அனுபவம். தொடங்குவதென்றால் முதியோர் இல்லத்தில், சிறப்புப் பள்ளியில், ஒவ்வொருவரையும் கேட்டுத் தொடங்கலாம். வெளிநாட்டு ஜாதி நாய் தேவையே இல்லை. ஊசி போட்டு, வீட்டுக்குள் வளர்ந்து, புதிய ஆளைக் கண்டால் தானாகக் கிட்டே வரும் நாட்டு நாய் போதும். தானாக வர வேண்டும், அதுதான் விஷயம். இந்த மே மாதத் தார் ரோட்டில் மத்தியானம் அதை நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். உங்கள் புறங்கையை ஐந்து விநாடி ரோட்டில் வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

லட்டுவுக்கு இப்போது பத்து வயது. போன தேர்வில் பாஸானாள். அடுத்ததற்குக் கூட்டிப் போவேனா என்பதை அவள் நடையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி நேரத்துக்கு முன்னால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாய் கடித்து ஒருவர் கேஷுவல்டிக்கு வந்தால், சீட்டு எழுதும் முன்னால் குழாயடிக்கு அழைத்துப் போய், சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் காயத்தைக் கழுவுங்கள். சுண்ணாம்போ மிளகாய்ப்பொடியோ வைத்துக்கொண்டு வந்திருந்தால் திட்டாமல் கழுவுங்கள். பிறகு ஊசி. உங்களில் வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் இன்று சாயங்காலம் போனதும் அதன் தடுப்பூசி அட்டையை எடுத்து அடுத்த தேதி என்ன என்று பாருங்கள். லட்டுவுக்கு செப்டம்பரில் வருகிறது.